பதினேழு யேவோ

முசுசுவில் மின்சாரம் போய்விட்டது.
மடிக்கணினியில் மிச்சம் நாற்பது நிமிடம்.
ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாய்ப் பிரித்து
வெசி நியிரோங்கோவும் நானும்
ஏரிக்கரைப் பெண்கள் பதினெட்டுப் பேரை
மறுபடி கேட்கிறோம்.

அறிக்கை எப்போதோ முடிந்தது.
"புகைபோக்கி வைத்த புது அடுப்பால்
மீன் சுடும் பெண்கள் பயனடைந்தனர்,
பதினெட்டில் பதினேழு பேர்."
பணம் கொடுத்தவர்களுக்கு அந்த வரி பிடித்திருந்தது.
எனக்கும்தான். எழுதியவன் நானல்லவா.

வெசிதான் கேட்டாள்:
பதினேழு வாயும் ஒரே சொல்லையா சொல்லும்?
ஒரே சந்தையில் உசிப்பா விற்கிறவர்கள்
விலையில்கூட ஒத்துப்போனதில்லையே.

மூன்றாம் ஒலிப்பதிவு. தாவோங்கா கமங்கா.
பின்னால் அலை, யாரோ குழந்தையின் இருமல்,
எங்கள் ஆளின் குரல்:
"அடுப்பு ரொம்ப உதவியாக இருக்கிறது, இல்லையா?"
கேள்விக்குள்ளேயே பதில்
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.
கொஞ்ச நேரம் அலை மட்டும்.
அப்புறம் அவள்: "யேவோ."

யேவோ என்றால் நன்றி.
வந்தாயா, நன்றி. உட்கார்ந்தாயா, நன்றி.
கிளம்புகிறாயா, அதற்கும் ஒரு நன்றி.
தட்டச்சு செய்தவர் அவசரத்தில்
நன்றியை நன்று ஆக்கிவிட்டார்.
கடைசி எழுத்தில் ஒரு வளைவு, அவ்வளவுதான்.
நன்று என்றதை நான் பயன் என்று குறித்து
பச்சை பூசினேன்.
பச்சைகள் கூடி விழுக்காடாகி
வட்டப் படமாகி
தலைநகர் மேசைக்குப் போய்விட்டன.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
இங்கே கிண்டுவது மக்காச்சோளக் களி,
அதில் பருக்கையே கிடையாது.
போகட்டும். பதம் பார்த்த பருக்கையை
யார் எடுத்துக் கொடுத்தது?
திட்ட அலுவலர். அவர் கொடுத்த பட்டியலில்
தார்ச்சாலை ஓரத்து வீடுகள் மட்டும்.

பதினெட்டாமவள் பட்டியலில் இல்லை.
டயர் வெடித்து வண்டி நின்ற இடத்தில்
அகப்பட்டவள். ந்யாம்ஹோனே.
"அடுப்பா? உறுதியான அடுப்பு.
மழைக்காலத்தில் கோழி அடைகிறது."
அவளை நான் அடிக்குறிப்பில் போட்டு
விதிவிலக்கு என்று பூட்டியிருந்தேன்.

மறுநாள் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம்,
ஒருவர் குறிப்பதை மற்றவர் பார்க்காமல்.
அறுபத்திரண்டு பகுதிகள்.
ஒத்துப்போனது முப்பத்தொன்றில்.
மீதிக்குச் சண்டை.
சண்டையையும் நோட்டில் எழுதச் சொன்னாள் வெசி:
தேதி, எவர் மனம் மாறியது, எதனால்.
நாளை முகம் தெரியாத ஒருத்தி
எங்கள் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து
அந்தக் குரல் வரைக்கும் போக முடியவேண்டுமாம்.
அதில் பாதிப் பக்கம்
என் தவறுகளின் கையெழுத்து.

பிறகு கரைக்குப் போய்
அவர்கள் சொன்னதை அவர்களுக்கே வாசித்தோம்.
தாவோங்கா சிரித்துவிட்டாள்.
"நான் எப்போது இதைச் சொன்னேன்?"
விறகு மிச்சம்தான், மறுக்கவில்லை.
ஆனால் புது அடுப்பில் மீன் வெளுத்துப் போகிறது,
லிலோங்வே வியாபாரி கறுத்த மீனுக்குத்தான் காசு தருவான்;
அதனால் கடைசி ஒரு மணி நேரம்
பழைய மூன்று கல்லுக்கே மாற்றுகிறாள்.
"உன் கைக்குத்தான் வெளுக்கும்" என்றாள் பக்கத்தில் ஒருத்தி.
அங்கேயும் சண்டை. அதையும் எழுதினோம்.

பணம் கொடுத்தவர்கள் மின்னஞ்சலில் கேட்கிறார்கள்:
சரி, இப்போது எண் என்ன?
பழைய வரியை அழிக்கவில்லை,
குறுக்கே ஒரு கோடு மட்டும்,
கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி.

நாற்பத்தோராம் பக்கத்தில்
புதிதாய் ஒரு வரி:
"தாவோங்கா, நான்கு விநாடி பேசவில்லை."
அதற்கு வெசி மஞ்சள் என்கிறாள்.
நான் இன்னும் எந்த நிறமும் பூசவில்லை.